எனக்கு மேலே நானே கேட்ட ஏலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் இழுத்தடித்தேன். தொடங்கலாம் என்று ஒரு கொப்பி வாங்குவேன், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன், அடுத்த வரிக்கு வெட்கம் வந்துவிடும். அந்தக் கொப்பியை என் மனைவி எடுத்துப் பால் கணக்கு எழுதிக்கொள்வாள். பிள்ளையார் சுழி போட்ட பால் கணக்குக் கொப்பிகள் எங்கள் வீட்டில் மூன்று நான்கு கிடக்கின்றன. வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதைப் படிக்கிறவர்கள் அம்மன்மேல் குறை சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. போன மாதம் டவுனில் ஒரு தம்பி, வங்கி ஏலத்தில் கடை ஒன்று எடுக்கப் போவதாகச் சொன்னார். காசு இருக்கிறதா என்று கேட்டேன். "எடுத்துட்டுப் பாத்துக்கலாங்க" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவுடன், மனைவி கண்ணில் படாமல் ஒரு புதுக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டினவன். கொழுந்து ஏற்றுவேன், ஃபெக்டரித் தூள் மூட்டை ஏற்றுவேன், கலியாணம் வந்தால் பந்தல் கம்பும் ஏற்றுவேன். படிப்பு எட்டாம் வகுப்பு. நாங்கள் குடியிருந்தது டிரைவருக்கென்று தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸ். இரண்டு அறை, ஒரு குசினி, வாசலில் ஒரு செம்பருத்தி. வேலை இருக்கும் வரைதான் அது நம்முடையது. வயது முடிந்தால் சாவியைத் தோட்டத்து மேனேஜர் துரையிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவள் கொழும்புக்குப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர், ஒரு அம்மன் படம், கொஞ்சம் பாத்திரம். என் மனைவி ஒரு நாளும் நகை கேட்டதில்லை. யாருக்கும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியில்லாத ஒரு கதவு வேண்டும், சாவதற்குள் அது கிடைக்குமா என்று மட்டும் கேட்பாள்.

எனக்கு வயது முடிந்தது. சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துவைத்த சேமலாப நிதிக் காசு கைக்கு வந்தது. குவாட்டர்ஸைக் காலி பண்ண ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். அந்த நேரத்தில்தான் டவுனுக்கு ஏறும் பாதையில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் கதவில் வங்கிக்காரர்கள் ஏல அறிவித்தல் ஒட்டினார்கள்.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்துக் கோயில் ஏலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். சொன்ன பிறகும் சிலர் நினைக்கலாம், அது அவர்கள் இஷ்டம்.

எங்கள் மாரியம்மன் திருவிழாவில் மஞ்சள் நீராட்டு முடிந்ததும், அம்மனுக்குப் படைத்த சாமான்களை ஏலம் விடுவார்கள். சூலத்தில் குத்தின எலுமிச்சம்பழம், கும்பத்துத் தேங்காய், அம்மன் உடுத்தின சேலை. அந்த ஏலத்துக்குச் சில முறைகள் உண்டு. முதலாவது, கேட்ட காசை அன்றைக்கே கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த வருடக் கொடியேற்றத்துக்கு முன்னால் கொடுத்தால் போதும். கமிட்டிப் பொருளாளரும் அதுவரை வாய் திறக்க மாட்டார். இரண்டாவது, விலை பூச்சியத்தில் முடியக் கூடாது, கடைசியில் ஒரு ரூபா சேர்க்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். நம் விலைக்கு மேலே யாரும் கேட்காவிட்டால், அம்மன் பொருள் அற்ப விலைக்குப் போகிறதே என்று கேட்டவரே இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுவார். ஏற்றினால் பொம்பளைகள் குலவை போடுவார்கள், மைக்கில் பேர் சொல்வார்கள். வருடா வருடம் கும்பத்துத் தேங்காயை எடுத்தவன் நான். குலவைக்காக எனக்கு மேலே நானே மூன்று தடவை ஏற்றின வருடமும் உண்டு. ஏலம் என்றால் எனக்குத் தெரிந்த ஏலம் அதுதான்.

வீட்டு ஏலத்துக்குப் போகலாமா என்று அம்மனிடம் பூக்கட்டிக் கேட்டேன். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ இருந்தது, போகலாம் என்று அர்த்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். போகலாமா என்றுதான் நான் கேட்டேன். காசு எங்கே என்று கேட்கவில்லை. கேட்டதற்கு அவள் பதில் சொன்னாள். கேட்காததற்கு அவள் எப்படிப் பதில் சொல்வாள்?

காசு விஷயத்தை நான் அடியோடு மறந்துவிடவும் இல்லை. என் சேமலாபக் காசு முழுவதையும் கொட்டினாலும் அந்த வீட்டு விலையில் ஐந்தில் ஒரு பங்கு தேறாது என்று தெரியும். அதனால் எனக்குக் கணக்கு இருந்த வங்கிக்குப் போனேன். அது ஏலம் போட்ட வங்கி அல்ல, வேறொன்று. கடன் பகுதியில் இருந்த பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேப்பரெல்லாம் கொண்டு வாங்க அங்கிள், பார்க்கலாம்" என்றது. நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து கடன் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். நன்கொடை கேட்டு வாசலுக்கு வருகிற சந்தாக்காரர்களை நானே எத்தனை தடவை "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்காவது பிறகு கொடுத்திருக்கிறேனா? அது அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

ஏலம் அந்த வீட்டு வாசலிலேயே நடந்தது. தலைக்குக் குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசி, சம்பங்கி மாலை ஒன்றும் வாங்கிக்கொண்டு போனேன். மாலை யாருக்கு என்று மச்சினன் கேட்டான். மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி, நானுஓயா ஸ்டேசனில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் ஆட்டோவில்தான் போனோம். ஏலம் விடுகிறவருக்குப் போட வேண்டாமா என்றேன். அவன் அதை வாங்கி ஆட்டோக் கண்ணாடியில் தொங்கவிட்டான். அன்றைக்கு நடந்ததில் புத்தியான காரியம் அது ஒன்றுதான்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. கூட்டம் என்று சொல்லும்படி யாரும் இல்லை. கழுத்தில் டை கட்டி ஏலம் விட வந்த ஏலதாரர், பைலோடு வங்கி உத்தியோகத்தர் ஒருவர், அவருடைய கிளார்க், வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து பேர், நுவரெலியாவிலிருந்து வந்த உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர். வியாபாரி சுவெட்டர் போட்டுக் குடை பிடித்துக்கொண்டு, யாரோ தூரத்துச் சொந்தக்காரர் செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி சும்மா நின்றார். ஏலதாரர் சிங்களத்திலும் தமிழிலுமாக நிபந்தனைகளை வாசித்தார். கோயிலிலும் ஏலத்துக்கு முன்னால் கமிட்டித் தலைவர் நீட்டி முழக்குவார், யாரும் காதில் வாங்க மாட்டோம். அந்தப் பழக்கத்தில் நான் கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வியாபாரி கேட்டார். நான் கேட்டேன். அவர் ஏற்றினார், நான் ஏற்றினேன். ஒரு விலையில் அவர் தலையை ஆட்டிவிட்டுக் குடையை மடக்கினார். மழை விடவில்லை, ஆனாலும் மடக்கினார். ஏலதாரர் ஒரு தரம் என்றார், இரண்டு தரம் என்றார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே சுவரில் விளக்கு மாடம் தெரிந்தது. விளக்கேற்றின வீடு, மகாலட்சுமி இருந்த இடம். கேட்க ஆளில்லாமல் அற்ப விலைக்குப் போவதா? "இன்னொரு லட்சம்" என்றேன்.

ஏலதாரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நல்ல மனுஷன் அவர், இன்றைக்கும் சொல்வேன். "ஐயா, கடைசியா கேட்டது நீங்கதானே. ஒங்களுக்கு மேல யாரும் இல்ல" என்றார்.

"தெரியுங்க" என்றேன்.

அவர் வங்கி உத்தியோகத்தரைப் பார்த்தார். இருவரும் சிங்களத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். வங்கிக்காரர் முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. எழுதிக்கொண்டார்கள். திரும்பவும் ஒரு தரம், இரண்டு தரம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, விலை பூச்சியத்தில் முடிகிறது. "ஒரு ரூபா கூட்டிக்கோங்க" என்றேன். அப்படிக் கூட்ட ஏலாது, குறைந்தது ஐம்பதாயிரமாகக் கூட்ட வேண்டும் என்றார் அவர்.

"சரி, ஐம்பதாயிரத்து ஒண்ணு."

மூன்று தரம் என்று அவர் சொன்ன வேகத்தைப் பார்த்தால், நான் இன்னும் எதையாவது கேட்டுவிடுவேன் என்று பயந்தவர் போல் இருந்தது. யாரும் குலவை போடவில்லை. மச்சினன் மட்டும், பாவம், கையைத் தட்டினான்.

கை தட்டின சத்தம் அடங்குவதற்குள் கிளார்க் பக்கத்தில் வந்து, விலையில் நூற்றுக்குப் பத்து வீதமும் ஏலச் செலவும் இப்போதே கட்ட வேண்டும் என்றார். திருவிழாவுக்குள் தந்துவிடுகிறேன் என்றேன். எந்தத் திருவிழா என்று அவர் மரியாதையாகவே கேட்டார். பிறகு அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் வங்கிக்குப் போனோம். சேமலாபக் காசில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. மிச்ச விலையை முப்பது நாளுக்குள் கட்டாவிட்டால் கட்டினது திரும்பி வராது, வீடும் மறு ஏலத்துக்குப் போகும் என்று காசு கட்டின சிட்டையைக் கொடுக்கும்போது கிளார்க் விளக்கினார். நான் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில் ஏலதாரர் வாசித்தது இதைத்தான்.

வங்கிக்கு வெளியே வந்தபோது அந்த வியாபாரி பஸ்ஸுக்காக நின்றிருந்தார். "காசு ரெடியாங்க?" என்று கேட்டார். ஆத்தா இருக்கிறாள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தன் வங்கி எவ்வளவு கொடுக்கும் என்பதை முன்கூட்டியே கடிதமாக வாங்கிவிட்டதாகவும், அந்தத் தொகை வந்ததும் நிறுத்திக்கொண்டதாகவும் சொன்னார். நல்லபடியா இருங்க என்று வாழ்த்திவிட்டு பஸ் ஏறினார்.

சும்மா பார்த்துவிட்டு வரச் சொல்லித்தான் மனைவி அனுப்பியிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முதலில் முகம் மலர்ந்து அம்மன் படத்துக்கு ஓடினாள். பிறகு பாதி வழியில் நின்று திரும்பினாள்.

"மிச்சக் காசு?"

"முப்பது நாள் இருக்கு புள்ள."

"தேங்காய்க் காசு கட்டவே ஒரு வருசம் எடுக்குற ஆளுங்க நீங்க" என்றாள்.

அந்த முப்பது நாளில் எனக்குக் கிடைத்த மரியாதை ஆயுளில் கிடைத்ததில்லை. டவுனில் வீடு எடுத்திருக்கிறார் என்று பேச்சுப் பரவிவிட்டது. கலியாணப் பத்திரிகை வீடு தேடி வந்தது, தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்தது. சந்தாப் புத்தகங்கள் வரிசையில் வந்தன. கமிட்டிப் பொருளாளர் வரலாற்றில் முதல் தடவையாகக் கொடியேற்றத்துக்கு முன்பே வந்து தேங்காய்க் காசை ஞாபகப்படுத்தினார். பால் காய்ச்ச நாள் வைத்தாயிற்றா என்று மனைவியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். சாயந்தரம் நாங்கள் இரண்டு பேரும் போய் அந்த வீட்டுக்கு எதிரே நிற்போம். உள்ளே போக முடியாது, சாவி வங்கியில். அந்த வீட்டைக் கட்டினவரும் கடன் கட்ட முடியாமல்தான் இழந்தார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். அந்த மனிதர் பத்து வருடமாவது குடியிருந்துவிட்டு இழந்தார். நான் வாசல்படி மிதிக்காமலே இழக்கப் போகிறேன்.

பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு என் வங்கிக்குப் போனேன். "பார்க்கலாம்" சொன்ன பிள்ளை உண்மையாகவே பார்த்தது. பார்த்தால் என் வயதுக்குக் கடன் இல்லை, மாதச் சம்பளம் இல்லை, உறுதிப் பத்திரம் இன்னும் என் பேரில் இல்லாததால் வீட்டை ஈடு வைக்கவும் வழியில்லை. மனசு கேட்காமல் மேனேஜரிடம் கூட்டிப்போனது. அவர் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பிப் பார்த்தார். மதிப்பீடு நான் கேட்ட விலையை விட நன்றாகக் குறைந்து வந்தது.

"இந்த வெலைக்கு ஏத்திவிட்டது யாரு? எதிர்ல கேட்டவர் யாருங்க?" என்றார் மேனேஜர்.

"நாந்தாங்க."

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். கும்பத்துத் தேங்காயில் தொடங்கிச் சொன்னேன். அவர் எழுந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

மச்சினன் தன் ஆட்டோவை விற்றுத் தருகிறேன் என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவன் அக்காதான் கேட்டாள், அது லீசிங் ஆட்டோதானே, அடுத்தவன் ஆட்டோவை எப்படிடா விற்பாய் என்று. அவன் யோசித்துவிட்டு, மனசு இருக்கிறதே அக்கா என்றான். வட்டிக்காரர் ஒருவர் தர ஒத்துக்கொண்டார். அவர் கேட்ட வட்டியைக் கேட்டுவிட்டு மனைவி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். காவடி நேர்ந்தேன், தீ மிதிக்க நேர்ந்தேன். அம்மன் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்தேன். ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்த நேரத்தில் எனக்குப் பயம் இருக்கவில்லை. எழுந்தால் திரும்பி வந்துவிடும். அதனால் எழுவதையே தள்ளிப்போட்டேன்.

தவணை முடிகிற நாளில், ஏலம் போட்ட வங்கிக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். பேசினது மனைவிதான். இவர் செய்தது பேராசையில் இல்லை சார், கோயில் பழக்கம், இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று கேட்டாள். அவர்கள் உட்காரச் சொன்னார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள், மேலிடத்துக்குப் போன் போட்டார்கள். விதி விதிதான். கட்டின காசு போனது. வெளியே வந்து ரோட்டில் நின்றபோது அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தேத்தண்ணியில சீனி கூடிப் போச்சி" என்று மட்டும் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறு ஏலத்துக்கும் போனோம். வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். யாருக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வருவோம், மனசு ஆறட்டும் என்றாள். அதே தூறல், அதே ஏலதாரர், அதே வியாபாரி, அதே குடை. என் மனைவி என் வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏலதாரர் என்னைக் கண்டதும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார். ஒவ்வொரு விலைக்கும் பிறகு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். வியாபாரி ஒரு விலை கேட்டார், என் விலைக்கு எவ்வளவோ கீழே. ஒரு தரம். இரண்டு தரம். அத்தனை குறைந்த விலைக்கு அந்த வீடு போவதைப் பார்க்க எனக்குக் கை தானாக எழும்பியது. சத்தியமாக, நான் எழுப்பவில்லை. அவள் தன் முழுப் பாரத்தையும் அதில் தொங்கவிட்டாள்.

"தலை சொறியணும்" என்றேன்.

"நான் சொறிஞ்சி விடுறேன், கைய எறக்குங்க" என்றாள்.

சொறிந்தும் விட்டாள், ஒரு கையால். மூன்று தரம் ஆனது.

காசைக் கட்டிவிட்டு வியாபாரி நேரே எங்களிடம் வந்தார். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. முன்பக்கத்தைத் தன் கிழங்குக் கடைக்கு எடுத்துக்கொள்ளப் போவதாகவும், பின்பக்கத்து இரண்டு அறைக்கு நம்பிக்கையான ஆள் தேடுவதாகவும் சொன்னார். குவாட்டர்ஸைக் காலி பண்ண இன்னும் சில வாரமே இருந்தது. வாடகை என்ன என்று மனைவி கேட்டாள். அவர் ஒரு தொகை சொன்னார். நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க பேசாதீங்க" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

நல்ல வேளை. அந்த வாடகை குறைவாக எனக்குப் பட்டது. ஏற்றிவிட்டிருப்பேன்.

அந்த வீட்டின் பின்பக்கத்தில்தான் இப்போது இருக்கிறோம். முப்பது நாள் எங்கள் வீடாக இருந்த வீட்டில் வாடகைக்கு. முன்பக்கத்தில் கிழங்கு மூட்டை இறங்கும், மண் வாசனை உள்ளே வரை வரும். நான் கடையைக் கவனித்துக்கொள்கிறேன், வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறார். மனைவி கேட்ட கதவு கிடைக்கவில்லை. அதை நினைத்தால் சில நாள் சாப்பாடு இறங்காது. இங்கேயும் ஒரு நாள் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது அவளுக்கும் தெரியும். ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்லை.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுதல். வங்கி ஏலத்துக்குப் போக நினைக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவருக்கு இதைச் சொல்லுங்கள், போனிலும் அனுப்புங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். டவுனில் ஏற்கனவே இதைப் பலவிதமாக மாற்றிவிட்டார்கள். வீட்டில் பேய் இருந்ததால் நான் விட்டுவிட்டேன் என்கிறார்கள், வியாபாரி சூனியம் வைத்தார் என்கிறார்கள், அம்மன் கைவிட்டுவிட்டாள் என்றுகூட ஒருவர் சொன்னார். பேயும் இல்லை, சூனியமும் இல்லை. வியாபாரி காசை உறுதிப்படுத்திக்கொண்டு வந்தார், நான் விபூதி பூசிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான். நீங்களும் விபூதி பூசிக்கொண்டே போங்கள். கடன் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள். இந்த இரண்டில் எதையும் விட்டுவிடாமல், சிரிப்பு வருகிறதே என்று மேலே எதையும் சேர்க்காமல், இப்படியே அடுத்தவருக்குக் கொடுங்கள். தாயே துணை.